வளையாத நுனி: பிளாட்பிக்கிங் வாசிக்க எந்தத் தடிப்பில் பிக் வேண்டும்?

"கை ஓட மாட்டேங்குது சேர்" என்று ஒரு பிள்ளை வந்து நின்றால் நான் முதலில் கையைப் பார்ப்பதில்லை, கிட்டார்க் கம்பியை மீட்டும் பிக்கை வாங்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் அது 0.5 அல்லது 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள மெல்லிய துண்டாக இருக்கும். பெருவிரல் நகத்தில் நுனியை வைத்து லேசாக அழுத்தினாலே வில் மாதிரி வளையும். அதை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை ஒற்றைக் கம்பியில் வேகமாக மெட்டு வாசிக்கப் பார்க்கிறது, முடியவில்லை, தனக்குத் திறமை இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. எனக்கு இதில் நிஜமாகவே மனவருத்தம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகள் ஒரு கிட்டாரைக் கையில் எடுப்பதே எவ்வளவோ தடைகளைத் தாண்டித்தான், அப்படி எடுத்த பிறகு ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டினால் கைவிட்டுப் போகக்கூடாது.

மலையகத்தில் கிட்டார் பெரும்பாலும் கிறிஸ்தவக் கோயில் வழியாகத்தான் நமக்கு வந்தது. ஞாயிறு பூசைப் பாட்டு, டிசம்பர் மாதம் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் லயமாகப் போகும் கரோல், அப்புறம் கல்யாண வீட்டு பைலா. இவை எல்லாமே பல சுரம் சேர்ந்த கோட் பிடித்து ஸ்ட்ரம் பண்ணும் வாசிப்பு. ஆறு கம்பியையும் ஒரே வீச்சில் தடவிக்கொண்டு போக வேண்டுமென்றால் மெல்லிய பிக்தான் சரி, அது கம்பிக்குக் கம்பி வளைந்து கொடுக்கும், கைக்குச் சுமை இல்லை, பாடுகிறவர்களின் குரலையும் அமுக்காது. அதனால் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ கடையில் போய் "பிக் ஒன்னு தாங்க" என்றால் அந்த மெல்லிய வகைதான் கைக்கு வரும். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எது விற்கிறதோ அதைத்தானே வைப்பார். ஆனால் பிளாட்பிக்கிங் வேறு வேலை.

பிளாட்பிக்கிங் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். உலோகக் கம்பி பூட்டிய அகூஸ்டிக் கிட்டாரில், ஒரே ஒரு பிக்கை வைத்து, மேலும் கீழுமாக மாறி மாறி அடித்து, மெட்டை ஒவ்வொரு சுரமாக எடுத்து வாசிப்பது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் பிடில் வாசிப்பவர்களின் நடன மெட்டுகளைக் கிட்டாருக்குக் கொண்டுவந்ததில் வளர்ந்த பாணி இது. இதில் மிகப் பெரிய பெயர் டாக் வாட்சன், 1923இல் பிறந்து 2012இல் மறைந்தவர், வட கரோலினாவின் டீப் கேப் என்ற மலைக் கிராமத்துக்காரர், குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். 1950களில் அவர் வாசித்த நடனக் குழுவில் பெரும்பாலும் பிடில்காரர் இல்லை, ஆட வந்தவர்களுக்கோ பிடில் மெட்டு வேண்டும், அதனால் அவற்றை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கப் பழகினார், 1960களில் அதையே அகூஸ்டிக் கிட்டாரில் உலகத்துக்குக் காட்டினார். அவருக்குப் பின்னால் கிளாரன்ஸ் வைட், டோனி ரைஸ் என்று ஒரு பரம்பரையே வந்தது. மலைநாட்டுப் பாட்டு, மலைநாட்டுக் கிட்டார். நமக்கு இது பிடித்துப்போவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, பிக்குக்கு வருவோம். நுனி கம்பியில் பட்டு, அதைத் தள்ளி, விடும்போதுதான் சத்தம் பிறக்கிறது. மெல்லிய பிக் என்றால் கம்பி நகர்வதற்கு முன்னால் பிக் வளைகிறது. கை போய்விட்டது, நுனி இன்னும் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது, அப்புறம்தான் சட்டென்று விடுபடுகிறது, விடுபடும்போது "டிக்" என்று பிளாஸ்டிக் சத்தமும் சேர்ந்து வருகிறது. மெதுவாக வாசிக்கும்போது இது தெரியாது. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், தட்டுக்கு நான்கு சுரம் என்று வைத்துப் பாருங்கள், நொடிக்கு எட்டுச் சுரம், ஒரு சுரத்துக்குக் கிடைப்பது ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. கீழ்நோக்கி அடித்த வளைவு நிமிர்ந்து முடிவதற்குள் கை மேல்நோக்கித் திரும்பிவிடும். இதனால் மேலடி எப்போதும் பலவீனமாகக் கேட்கும், தாளம் நொண்டும். பிள்ளைகள் "கை ஓடவில்லை" என்று சொல்வது இதைத்தான். கை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பிக் பின்னால் இழுபடுகிறது.

அடுத்தது சத்தத்தின் நிறம். மெல்லிய பிக்கில் கீச்சென்ற மேல்சுர ஒலிகள் தூக்கலாக வரும், அடிப்பாகம் வற்றிப்போகும். மொத்தமான, ஓரம் உருட்டப்பட்ட பிக் கம்பியை நன்றாகத் தள்ளி, வழுக்கி விடுகிறது. அதில் உடம்புள்ள, உருண்ட சத்தம் வரும். ஒரே கிட்டாரில் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் கேட்டால் கிட்டாரையே மாற்றிவிட்டார்களோ என்று நினைப்பீர்கள்.

தடிப்பு கொஞ்சம் கூடினால் விறைப்பும் கொஞ்சம்தானே கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. 0.73 மி.மீ. பிக்கிலிருந்து 1.0 மி.மீ. பிக்குக்குப் போனால் கண்ணுக்குத் தெரிவது கால் மில்லிமீட்டர் வித்தியாசம், விறைப்பில் அது இரண்டரை மடங்கு. 0.73இல் பழகிய ஒருவர் ஒன்றை எடுத்து வாசித்துவிட்டு "இது கல்லு மாதிரி இருக்கு" என்று உடனே திருப்பிக் கொடுப்பதற்கு இதுதான் காரணம். அவருடைய கை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த முதல் நிமிடத்து உணர்வை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

பக்கத்துத் தோட்டத்து பக்டரியில் ஃபிட்டராக இருக்கும் அண்ணன் ஒருவரிடம் மைக்ரோமீட்டர் இருக்கிறது. ஒருநாள் என் பிக் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவருடைய வேலைமேசைக்கே போய்விட்டேன். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு ஒவ்வொன்றாக வாங்கி, திருகைப் பிடித்து "கிளிக், கிளிக்" என்று நிற்கும்வரை திருகி, கண்ணருகே கொண்டுபோய்ப் படித்துச் சொன்னார். இரண்டு வெவ்வேறு கம்பெனி பிக், இரண்டிலும் "மீடியம்" என்றுதான் அச்சடித்திருக்கிறது, ஒன்று 0.68, மற்றது 0.79. "என்னங்க சேர் இது, ரெண்டும் ஒரே சைஸ்னு போட்டிருக்கான்?" என்றார். அதுதான் விஷயம். தின், மீடியம், ஹெவி என்பதெல்லாம் ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றியபடி வைத்துக்கொண்ட பெயர்கள். மில்லிமீட்டர் போட்ட பிக்கை மட்டும் வாங்குங்கள். டன்லப் கம்பெனியின் டோர்டெக்ஸ் வகையில் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்: மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. பச்சையும் நீலமும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தான், ஆனால் வாசித்தால் பெரிய தாவல்.

தடிப்பு மட்டும் போதாது, எந்தப் பொருளில் செய்தது என்பதும் சேர்ந்துதான் விறைப்பு. ஒரே 1.0 மி.மீ. என்றாலும் நைலான் இளகும், செல்லுலாய்ட் நடுவில் நிற்கும், டோர்டெக்ஸ் அதைவிட நிமிர்ந்து நிற்கும், டன்லப்பின் இன்னொரு பொருளான அல்டெக்ஸ் இன்னும் விறைப்பு. இந்த இடத்தில் நம் ஊர்க் காலநிலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், வெளிநாட்டு வீடியோக்களில் இதைச் சொல்ல மாட்டார்கள். நைலான் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் பொருள். காய்ந்த நைலானோடு ஒப்பிட்டால் ஈரம் ஏறிய நைலானின் விறைப்பு பாதிக்குக் கீழேகூடப் போகலாம். மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதம் பிடித்தால் வாரக்கணக்கில் துணி காயாது, லயத்துச் சுவரெல்லாம் ஈரம் கசியும். அந்த நாட்களில் என்னிடமிருக்கும் நைலான் பிக்குகள் எல்லாம் தளர்ந்துபோய் இருக்கும். அதே ஜூலை, ஆகஸ்டில் பண்டாரவளைப் பக்கம் ஊவாவின் காய்ந்த காற்று அடித்துக்கொண்டிருக்கும், தேயிலைக்கே தனி வாசம் ஏறும் பருவம், அங்கே இருக்கும் நண்பர் நைலானைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. நம் பக்கத்து மழைக்கு டோர்டெக்ஸ், அல்டெக்ஸ் இரண்டும் நல்லது, அவை ஈரத்தை அவ்வளவாக எடுக்காது. நைலான்தான் பிடிக்கும் என்றால் ஒரு எண் கூட்டி வாங்குங்கள்.

ஈரம் கிட்டாரையும் விடாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். மேற்பலகை ஈரம் குடித்து லேசாக மேலே புடைக்கும், கம்பி உயரும், சத்தம் மந்தமாகும். அப்போது சிலர் மெல்லிய பிக்குக்கு மாறி கீச்சுச் சத்தத்தால் அந்த மந்தத்தைச் சரிக்கட்டப் பார்க்கிறார்கள். அதைவிட கிட்டாரை உறைக்குள் போட்டு, பழைய மருந்துப் போத்தல்களில் வரும் சிலிக்கா ஜெல் பைகளைச் சேர்த்து உள்ளே வைத்து, மழைக்காலத்தில் சுவரில் சாய்க்காமல் இருப்பது எவ்வளவோ மேல்.

அப்படியானால் எந்த எண்? என் தீர்ப்பு: பிளாட்பிக்கிங் என்று இறங்குகிறவர்கள் 1.0இல் தொடங்கி, 1.2 வரை போய், கடைசியில் 1.4 அருகில் நிற்பார்கள். அந்தப் பாணியில் பேர்பெற்ற பிக்குகளின் எண்களும் அங்கேதான் சுற்றிவருகின்றன. புளூசிப் கம்பெனியின் சிடி 55 என்றால் 0.055 அங்குலம், அதாவது 1.4 மி.மீ. நெதர்லாந்தில் செய்யும் வெகன் பிக்கில் டிஎஃப் 140 என்றால் அதுவும் 1.4 மி.மீ. வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு பொருளில் செய்கிறவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றால் அங்கே ஏதோ இருக்கிறது. மீடியம் பிக்கில் அருமையாக வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களுடைய மணிக்கட்டு பல ஆண்டுகளாக அந்த வளைவைக் கணக்கில் எடுத்துப் பழகிய மணிக்கட்டு. புதிதாகத் தொடங்குகிற பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவானேன்?

ஆனால் கம்பியைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். கடையில் வாங்கும் விலை குறைந்த கிட்டார்களில் பெரும்பாலும் 10 அல்லது 11இல் (ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 10, 11 பங்கு) தொடங்கும் மெல்லிய கம்பிதான் பூட்டியிருக்கும். அதில் 1.4 பிக்கால் ஓங்கி அடித்தால் கம்பி அளவுக்கு மீறி இழுபட்டு, ஒவ்வொரு சுரமும் தொடக்கத்தில் கொஞ்சம் சுருதி ஏறி, பிறகு இறங்கும். கேட்கச் சகிக்காது. பாஸ்பர் வெண்கலக் கம்பியில் 12இலிருந்து 53 வரையிலான செட் பூட்டிய கிட்டாருக்கு 1.0 முதல் 1.4 வரை ஒத்துப்போகும். 13-56 செட் பூட்டியிருந்தால் 1.5 கூடத் தாங்கும். 10, 11 கம்பியை இப்போதைக்கு மாற்ற வசதியில்லை என்றால் 0.88 டோர்டெக்ஸில் நில்லுங்கள், கம்பி மாற்றும் அன்றைக்குப் பிக்கையும் மாற்றுங்கள். 2 மி.மீ.க்கு மேலே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்கெனவே வளையாத நுனியை இன்னும் மொத்தமாக்குவதில் வேகம் கூடப் போவதில்லை, சுரத்தின் கூர்மைதான் போகும், இடையில் ஸ்ட்ரம் பண்ண வேண்டி வந்தால் கட்டையால் வேலியில் அடித்த மாதிரி இருக்கும்.

ஓரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மொத்தமான பிக் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் பிடிக்காதது ஓரம்தான். மெல்லிய பிக்கில் ஓரம் எப்படி இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. 1.4 மி.மீ.யில் ஓரம் சதுரமாக வெட்டியிருந்தால் அது தடித்த கம்பிகளின் சுற்றில் உராய்ந்து "கிரீச்" என்று கத்தும். இதற்குத் தீர்வு ஹார்ட்வேர் கடையில் இருக்கிறது. 600 நம்பர் சாண்ட் பேப்பரை மேசையில் வைத்து, வாசிக்கும் அதே சாய்வில் பிக்கைப் பிடித்து, கம்பியில் படும் இரண்டு ஓரத்தையும் மெதுவாகத் தேயுங்கள். கவனியுங்கள், ஒரு முகத்தில் இடது ஓரம் தேய்ந்தால் மறு முகத்தில் அதற்கு எதிர் ஓரம் தேயும், ஏனென்றால் கீழடியும் மேலடியும் வெவ்வேறு முகத்தில் படுகின்றன. உங்கள் பழைய பிக்கை வெளிச்சத்தில் பிடித்தால் எந்த ஓரம் எந்தச் சாய்வில் தேய்ந்திருக்கிறது என்று அதுவே காட்டும், அதைப் பார்த்து அப்படியே செய்யுங்கள். பிறகு 1000 நம்பரில் ஒரு தடவை, கடைசியாக ஜீன்ஸ் துணியில் பளபளக்கும்வரை உரசல். இதைச் செய்த பிறகு அதே பிக்கில் அந்தக் கத்தல் காணாமல் போயிருக்கும். இன்னொரு வழி, சாதாரண வடிவப் பிக்கின் கூர்நுனியை விட்டுவிட்டு உருண்ட தோள்பட்டையால் வாசிப்பது. சத்தம் இன்னும் கனிந்து வரும், பிளாட்பிக்கிங் வாசிப்பவர்கள் பலரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

ஆமையோட்டுப் பிக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோனி ரைஸ் போன்றவர்கள் அதில்தான் வாசித்தார்கள், அந்தச் சத்தத்தை எட்டத்தான் இன்றைய செயற்கைப் பிக்குகள் எல்லாம் முயல்கின்றன. அது அழுங்காமையின் ஓடு. அந்த ஆமை இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது, சர்வதேச வியாபாரம் 1970களிலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. நம் நாட்டுக் கடலிலும் அது உண்டு, ஒருகாலத்தில் காலியில் ஆமையோட்டில் சீப்பும் பெட்டியும் செய்து விற்றார்கள், இன்று கடலாமைகள் எல்லாமே இலங்கைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. யாராவது "ஒரிஜினல் ஆமையோடு" என்று பழைய சீப்புத் துண்டைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அல்டெக்ஸ் 1.4இல் ஓரம் நன்றாகத் தேய்த்த பிக் நமக்குத் தாராளமாகப் போதும்.

விலையும் நியாயமாகப் பேச வேண்டிய விஷயம். புளூசிப் பிக் ஒன்று முப்பத்தைந்து டாலருக்கு மேல். கொழுந்தெடுக்கும் ஒரு அக்காவின் கிட்டத்தட்ட ஒரு வாரச் சம்பளமே அதற்குப் போய்விடும். நல்ல பிக் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் பிளாட்பிக்கிங் பழக அது தேவையே இல்லை. காசே இல்லாமலும் வழி இருக்கிறது. என்னிடம் படிக்கும் ஒரு தம்பி சிம் கார்ட் பதித்து வரும் பெரிய அட்டையில் பிக் வெட்டிக்கொண்டு வந்தான். ஏடிஎம் கார்டும் அந்த சிம் அட்டையும் ஒரே அளவுதான், உலகம் முழுக்க 0.76 மி.மீ. தடிப்பு. ஸ்ட்ரம் பண்ண அது அருமை, பிளாட்பிக்கிங்குக்குக் கொஞ்சம் இளகல். இரண்டைச் சேர்த்து ஒட்டச் சொன்னேன். ஒட்டாமல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சும்மா வைத்து வளைத்தால் இரண்டு மடங்கு விறைப்புதான், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிவிடும். சூப்பர் குளூ போட்டு, கனமான புத்தகத்தின் கீழ் இரவு முழுக்க வைத்து ஒட்டினால் 1.52 மி.மீ., கிட்டத்தட்ட எட்டு மடங்கு. ஒட்டுவதற்கு முன் இரண்டு முகத்தையும் சாண்ட் பேப்பரால் சுரண்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வாசிக்கும்போது பிளந்துவிடும். அவன் நகவெட்டியின் அரத்தால் ஓரத்தை உருட்டி, அன்றைக்கு மத்தியானமே ஏழெட்டுச் சுரம் உள்ள ஒரு ஓட்டத்தை நிற்காமல் வாசித்தான்.

மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். மெல்லிய பிக்கில் பழகியவர்கள் நுனியை நிறைய வெளியே நீட்டிப் பிடித்து, இறுக்கி, ஓங்கி அடிப்பார்கள், அங்கே பிக் வளைந்து அதைத் தாங்கிக்கொண்டது. மொத்தமான பிக் தாங்காது. நுனியைக் கொஞ்சமாக மட்டும் வெளியே விடுங்கள், ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் விழாத அளவுக்கு மட்டும் பிடியுங்கள், கம்பிக்குச் சற்றே சாய்வாக வையுங்கள். வளைய வேண்டியது இனி பிக் அல்ல, பிடிக்கும் விரல்கள். நுவரெலியாக் குளிரில் விரல் மரத்துப்போய் பிக் நழுவுகிறது என்றால் பெரிய முக்கோண வடிவத்தில் வாங்குங்கள், அது கையில் சுற்றாது. ஒரு வாரமாவது அதிலேயே வாசித்துவிட்டுத்தான் பிடித்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். சோதனைக்கு போனில் பதிவு செய்து, கீழடி எது மேலடி எது என்று கேட்டுக் கண்டுபிடிக்கப் பாருங்கள். கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அந்தத் தடிப்பு உங்களுக்குச் சரி, அதற்கு மேல் போக வேண்டாம்.

கொழும்புக்குப் போகிறவர்களிடம் வாங்கிவரச் சொல்லும்போது "மொத்தமான பிக்" என்று வாயால் சொல்லி அனுப்பாதீர்கள், பிஸ்கட் மாதிரி ஏதாவது வந்து சேரும். டோர்டெக்ஸ் 0.88, 1.0, 1.14, அல்டெக்ஸ் 1.4, ஒவ்வொன்றிலும் ஒன்று என்று துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, போட்டோவும் அனுப்பிவிடுங்கள். பழைய மெல்லிய பிக்கைத் தூக்கி எறியவும் வேண்டாம், டிசம்பரில் கரோலுக்குப் போகும்போது அதுதான் வேண்டும்.